ஹோம்ஃபிளெக்ஸுக்கு மாறலாம், புதுப் பேட்டரி வேண்டாம்

கேள்வி: ஜோஹன்னஸ்பர்க்கில் சாண்டன் பக்கம் இருக்கிறோம். கரண்ட் நேரடியாக அரசு மின் நிறுவனமான எஸ்காமிடமிருந்து வருகிறது. ஒற்றை ஃபேஸ், பில்லில் ஹோம்பவர் 4 என்று இருக்கிறது, மாதம் 900 யூனிட் ஆகிறது. 2023 லோட்ஷெட்டிங் (சுழற்சி மின்வெட்டு) சமயத்தில் 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் 5.12 யூனிட் லித்தியம் பேட்டரி ஒன்றும் போட்டோம். இப்போது அது சும்மா கிடக்கிறது. சோலார் பேனல் இல்லை. இன்னும் இரண்டு பேட்டரி (10.24 யூனிட், 50,000 ராண்ட்) போட்டுக்கொண்டு, நேரத்துக்கு நேரம் விலை மாறும் ஹோம்ஃபிளெக்ஸ் கட்டணத்துக்கு மாறினால் மூன்றே வருஷத்தில் பணம் திரும்பிவிடும், நிலைக் கட்டணமும் குறையும் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். அவர் எழுதிக் கொடுத்த தாளில் பீக் (நெரிசல் நேரம்) 6.50 ராண்ட், ஆஃப்-பீக் (மலிவு நேரம்) 1.60 ராண்ட் என்று போட்டிருக்கிறார். மாமியாருக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு வெந்நீர் வேண்டும் என்பதால் அந்த நேரத்தில் எதையும் நிறுத்தவும் முடியாது. லெனேசியாவில் இருக்கும் என் அண்ணனும் இதே பேட்டரியை வாங்க நினைக்கிறார். அவருக்கு நகராட்சியின் சிட்டி பவர் ப்ரீபெய்ட். நாங்கள் இருவரும் வாங்கலாமா?

பதில்: கட்டணத்தை மாற்றுங்கள், கீசருக்கு டைமர் போடுங்கள், இருக்கிற பேட்டரிக்கு வேலை கொடுங்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். அண்ணனுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அவர் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தாள். மூன்று வருஷம் என்பது எப்படி வந்தது தெரியுமா? 6.50-இல் 1.60 போக 4.90. அதை 10 யூனிட்டாலும் 365 நாளாலும் பெருக்கினால் 17,885 ராண்ட். 50,000-ஐ அதால் வகுத்தால் 2.8 வருஷம். பெருக்கல் சரி, பெருக்கிய எண்கள்தான் தப்பு. 6.50 என்பது ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதத்துக்கு மட்டும் உள்ள குளிர்கால பீக் விலை. அதுவும் திங்கள் முதல் வெள்ளி வரைதான். சனி, ஞாயிறுக்கு பீக் கிடையாது. ஆக அந்த விலை ஓடுவது வருஷத்தில் 65 நாள் அளவுக்கே. மீதி ஒன்பது மாதத்து வாரநாட்கள் ஏறக்குறைய 195. அந்த நாட்களில் பீக் விலை அதில் பாதிக்கும் கீழே. அதோடு பேட்டரிக்குள் போகிற மின்சாரம் முழுசாக வெளியே வராது. கிரிட்டிலிருந்து (வெளி மின் இணைப்பு) ஏற்றி, திரும்ப ஏசியாக இறக்கும்போது 15 சதவீதம் வெப்பமாகப் போய்விடும். 4 யூனிட் கையில் வர வேண்டுமென்றால் 4.7 யூனிட் வாங்கியாக வேண்டும். தாளில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

நிலைக் கட்டணம் குறையும் என்பது இன்னும் மோசம். உங்கள் பில்லை எடுத்து இரண்டு பேனாவால் கோடு போடுங்கள். யூனிட்டுக்கு இத்தனை சென்ட் என்று வருவதெல்லாம் (எனர்ஜி, ஆன்சிலரி சர்வீஸ், நெட்வொர்க் டிமாண்ட்) ஒரு நிறம். நாளுக்கு இத்தனை ராண்ட் என்று வருவதெல்லாம் (நெட்வொர்க் கெப்பாசிட்டி, சர்வீஸ் அண்ட் அட்மின், 2025 ஏப்ரலில் புதிதாக வந்த ஜெனரேஷன் கெப்பாசிட்டி) இன்னொரு நிறம். இரண்டாவது நிறம் நீங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் ஊருக்குப் போனாலும் ஓடும். பேட்டரி அதில் ஒரு சென்ட்டைக்கூடத் தொடாது. அந்தக் கட்டணம் நீங்கள் எடுத்த யூனிட்டைப் பார்ப்பதில்லை, உங்கள் இணைப்பு எவ்வளவு பெரியது என்பதைத்தான் பார்க்கிறது. ஹோம்பவர் 4 என்பது ஒற்றை ஃபேஸ், 16 கேவிஏ. சாண்டனில் பல பழைய வீடுகளில் தேவையே இல்லாமல் மூன்று ஃபேஸ் இணைப்பு இருக்கிறது. அவர்களுக்கு ஒற்றை ஃபேஸுக்கு இறங்குவது உண்மையிலேயே நிலைக் கட்டணத்தைக் குறைக்கும் வழி. நீங்கள் ஏற்கெனவே அடிமட்டத்தில்தான் இருக்கிறீர்கள். ஹோம்ஃபிளெக்ஸிலும் இதே மாதிரி 1 முதல் 4 வரை அளவு உண்டு. மாறும்போது உங்களை 4-இல்தான் போடுகிறார்களா என்று பாருங்கள்.

பில்லைப் பார்க்கும்போது வாட் வரியையும் கவனியுங்கள். எஸ்காம் கட்டணப் புத்தகத்தில் வரி இல்லாத விலை, வரியோடு சேர்ந்த விலை என இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒரு கட்டணத்தை வரியோடும் இன்னொன்றை வரி இல்லாமலும் எடுத்து ஒப்பிட்டால், இல்லாத 15 சதவீத லாபம் தானாகத் தெரியும். எனர்ஜி கட்டணத்தை மட்டும் எடுத்து, அதே யூனிட்டில் ஏறும் மற்ற கட்டணங்களை விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிற தப்பு.

இனி கணக்கு. விற்பனையாளரின் 6.50, 1.60 இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். மற்றவை கணக்கு ஓடுவதற்காக நான் வைத்த முழு எண்கள்: குளிர்கால ஸ்டாண்டர்ட் (பீக்குக்கும் ஆஃப்-பீக்குக்கும் நடுத்தர விலை நேரம்) 2.20, மற்ற ஒன்பது மாதம் பீக் 3.00, ஸ்டாண்டர்ட் 2.00, ஆஃப்-பீக் 1.50, இப்போதைய ஒரே விலை 2.50. உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். விலையும் நிற்காது. எஸ்காம் நேரடி வாடிக்கையாளருக்கு ஏப்ரல் 1 அன்றும், நகராட்சி வாடிக்கையாளருக்கு ஜூலை 1 அன்றும் ஏறும். 2026 ஏப்ரலுக்கு நெர்சா (மின் கட்டண ஒழுங்குமுறை அமைப்பு) அனுமதித்தது 8.76 சதவீதம்.

மாதம் 900 யூனிட்டில் பீக் நேரத்தில் எவ்வளவு போகிறது என்பதுதான் எல்லாவற்றுக்கும் சாவி. ஒரு வாரம் மீட்டரைக் காலை பீக் தொடங்கும்போதும் முடியும்போதும், மாலையும் அதே மாதிரி, எழுதி வையுங்கள். இன்வெர்ட்டரின் ஆப் வீட்டு மொத்தச் சுமையையும் காட்டுகிறது என்றால் அதுவே போதும். உங்களுடையது போன்ற வீட்டில் வாரநாளுக்கு 9 யூனிட் என்று வைப்போம். காலை இரண்டு மணி நேரத்தில் 3, மாலை மூன்று மணி நேரத்தில் 6. மாதத்துக்கு பீக் 195, ஸ்டாண்டர்ட் 305, ஆஃப்-பீக் 400 யூனிட் என்று பிரியும்.

பேட்டரியைத் தொடாமல், பழக்கத்தை மாற்றாமல், கட்டணத்தை மட்டும் மாற்றினால் குளிர்கால மாதம் 2,250-லிருந்து 2,578 ராண்டாக ஏறும். மற்ற மாதங்களில் 1,795-ஆக இறங்கும். வருஷத்துக்குச் சுமார் 3,100 ராண்ட் மிச்சம். இது பேட்டரி தந்த மிச்சம் இல்லை, கட்டணம் தந்த மிச்சம். விற்பனையாளர்கள் இதையும் சேர்த்துத்தான் பேட்டரியின் தலையில் கிரீடமாக வைக்கிறார்கள்.

அடுத்தது கீசர். வீட்டில் கிரைண்டர் ஓடுகிறதே, இண்டக்‌ஷன் அடுப்பு ஓடுகிறதே என்று பலர் கவலைப்படுவார்கள். கிரைண்டர் இழுப்பது 200 வாட். பூனை குடிக்கிற பால் அது. 150 லிட்டர் கீசரின் தண்ணீரை 40 டிகிரி சூடேற்ற 7 யூனிட் வேண்டும். 3 கிலோவாட் எலிமென்ட்டுக்கு அது இரண்டே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலான வேலை. சாயங்காலம் மாமியார் குளித்ததும் குளிர்ந்த தண்ணீர் உள்ளே வரும், தெர்மோஸ்டாட் உடனே எலிமென்ட்டைப் போடும், அப்போது மணி ஆறரை, நல்ல பீக். அவர் குளிப்பதை நிறுத்த வேண்டியதில்லை. குளித்த பிறகு திரும்பச் சூடாவதைத்தான் தள்ளிப் போட வேண்டும். அதிகாலை 3:30 முதல் 6 வரை ஒரு முறை ஓடட்டும். தண்ணீர் போதாமல் போகும் என்று தோன்றினால் மதியம் 2 முதல் 3 வரை இன்னொரு முறை. தெர்மோஸ்டாட் 60 டிகிரியிலேயே இருக்கட்டும், மிச்சம் பிடிக்கிறேன் என்று 50-க்கு இறக்காதீர்கள், வெதுவெதுப்பான தொட்டியில் கிருமி வளரும்.

பீக்கில் போகும் அந்த 9 யூனிட்டில் கீசரின் பங்கு 4 என்று வைத்தால், டைமர் மட்டுமே வருஷத்துக்கு 2,400 ராண்ட் தரும். இதில் 15 சதவீத நஷ்டமும் இல்லை, ஏனென்றால் தண்ணீர்த் தொட்டியே ஒரு பேட்டரிதான். டிபி போர்டில் (வீட்டு மின் பகிர்வுப் பெட்டி) பொருத்தும் டைமராகவும், கரண்ட் போனாலும் மணி மறக்காத, உள்ளே சின்ன பேட்டரி உள்ளதாகவும் வாங்குங்கள். அது இல்லாத மலிவு டைமர் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் பிந்திப் போய், இரண்டு மாதத்தில் கீசரைச் சரியாக பீக்கில் போட்டுக்கொண்டிருக்கும். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். டைமரின் சொந்த கான்டாக்டில் அதை ஓட்டாமல் 20 அல்லது 25 ஆம்பியர் கான்டாக்டர் (பெரிய சுமையைத் தாங்கும் சுவிட்ச்) ஒன்று சேர்த்துப் போடச் சொல்லுங்கள். பதிவு பெற்ற எலெக்ட்ரீசியன்தான் செய்ய வேண்டும்.

மீதி 5 யூனிட். உங்களிடம் இருக்கும் 5.12 பேட்டரியில் மின்வெட்டுக்கென்று 20 சதவீதம் ஒதுக்கினாலும் ஏறக்குறைய 4 யூனிட் கிடைக்கும். அதை ஆஃப்-பீக்கில் ஏற்றி பீக்கில் இறக்கினால், நஷ்டம் போக, குளிர்காலத்தில் நாளுக்கு 18.50 ராண்ட், மற்ற மாதங்களில் நாளுக்கு 5 ராண்ட், வருஷத்துக்குச் சுமார் 2,150 ராண்ட். செலவு பூஜ்யம். இன்வெர்ட்டர் சும்மா நிற்பதற்கே 60 வாட் அளவுக்குத் தின்னும். மாதம் 43 யூனிட்டை இத்தனை நாளும் நீங்கள் வெறுமனே கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். அதற்காவது வேலை வாங்கலாம்.

மூன்றையும் கூட்டினால் 7,700 ராண்டுக்குக் கொஞ்சம் குறைய. இனி பீக்கில் எஞ்சி நிற்பது நாளுக்கு 1 யூனிட். புதிய பேட்டரி மிச்சப்படுத்தக் கூடியது அதை மட்டும்தான்: வருஷம் 540 ராண்ட். 50,000 ராண்ட் திரும்ப 92 வருஷம் ஆகும்.

‘பீக் இல்லாவிட்டால் என்ன, ஸ்டாண்டர்ட் நேரத்திலும் பேட்டரியை ஓட்டலாமே’ என்று அவர் அடுத்துச் சொல்வார். 1.60-க்கு வாங்கிய யூனிட், நஷ்டத்தைச் சேர்த்தால் 1.88. ஸ்டாண்டர்ட் 2.20. மிச்சம் யூனிட்டுக்கு 32 சென்ட். 6,000 சுற்று ஓடும் என்று அட்டையில் போட்டிருப்பதை முழுசாக நம்பினாலும், 50,000 ராண்ட் பேட்டரியில் ஒரு யூனிட் புகுந்து வெளியே வர, தேய்மானமே 80 சென்ட்டுக்கு மேல். ஆனால் உத்தரவாதம் பொதுவாகப் பத்து வருஷம்தான். வாரநாட்களில் நாளுக்கு ஒரு சுற்று என்றால் பத்து வருஷத்தில் 2,600 சுற்றுகூட ஓட்ட முடியாது. அப்படிப் பார்த்தால் தேய்மானம் யூனிட்டுக்கு ஏறக்குறைய 2 ராண்ட். குளிர்கால பீக் ஒன்றுதான் அந்தச் செலவைத் தாங்கும்.

உங்கள் பேட்டரியை வேலைக்கு விடும்போது எது தப்பாகப் போகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன 4 யூனிட் தானாக வராது. 2023-இல் அவசரத்தில் போட்ட இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் ஃபிரிட்ஜ், லைட், டிவி, வைஃபை என்று ஒரு சின்ன டிபி போர்டோடு மட்டும் இணைக்கப்பட்டவை. அந்தச் சுமை 500 வாட்தான். மாலை மூன்று மணி நேரத்தில் 1.5 யூனிட்டுக்கு மேல் பேட்டரியிலிருந்து இறங்காது. அடுப்புக்கும் வாஷிங் மெஷினுக்கும் பேட்டரி உதவ வேண்டுமென்றால், வீட்டுக்குள் கரண்ட் நுழையும் மெயின் கம்பியில் சிடி கிளாம்ப் (கரண்ட்டை அளக்கும் வளையம்) இருக்க வேண்டும். இன்வெர்ட்டரின் முறையும் பேக்கப் சுமைக்கு மட்டும் என்பதிலிருந்து முழு வீட்டுக்கும் என்று மாற வேண்டும். கிளாம்பில் ஒரு அம்புக்குறி உண்டு. அது திரும்பி மாட்டியிருந்தால் அடுப்பைப் போட்டதும் இன்வெர்ட்டர் தருவதைக் குறைத்துக்கொள்ளும், அணைத்ததும் வெளியே தள்ளும். கெட்டிலைப் போட்டு ஆப்பில் கிரிட் எண்ணைப் பார்த்தால் ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு வரம்பு: இந்த வகை ஒற்றை 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரிகளில் பல 50 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து தருவதில்லை. அது 2.5 கிலோவாட். ஓவனும் அடுப்பும் சேர்ந்து 4 கிலோவாட் இழுத்தால் மீதியை கிரிட்தான் தரும். இது பழுது இல்லை. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே தகவல் கேபிள் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் வோல்ட்டேஜை வைத்து சார்ஜ் சதவீதத்தை ஊகித்தால், லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் நடுப்பகுதி முழுக்க வோல்ட்டேஜ் ஏறக்குறைய ஒன்றே என்பதால், திரை 60 என்று காட்டும்போதே திடீரென்று அணைந்துபோகும்.

டைமர் அமைப்பு. சன்சிங்க், டேய் போன்ற இன்வெர்ட்டர்களில் ஆறு நேரப் பட்டை இருக்கும். கீழே டிக் என்பது கிரிட்டிலிருந்து சார்ஜ் ஏற்ற அனுமதி, எண் என்பது பேட்டரி எத்தனை சதவீதம் வரை இறங்கலாம் என்பது. குளிர்காலத்துக்கு பீக் காலை 6–8, மாலை 5–8. 2025-இல் காலையை ஒரு மணி நேரம் குறைத்து மாலையை ஒரு மணி நேரம் நீட்டினார்கள். பழைய அட்டவணையை வைத்துக் கொடுக்கும் ஆலோசனைகள் இதனால்தான் தவறுகின்றன.

22:00 முதல் 03:00 வரை கிரிட் சார்ஜ் டிக், இலக்கு 100 சதவீதம், சார்ஜ் கரண்ட் 20 ஆம்பியர் போதும்.
03:00 முதல் 06:00 வரை டிக் வேண்டாம், 100. கீசர் ஓடும் நேரம் இது, இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று விழ வேண்டாம்.
06:00 முதல் 08:00 வரை 70.
08:00 முதல் 17:00 வரை 70, டிக் இல்லாமல். காலையில் மிஞ்சியது அப்படியே மாலைக்கு நிற்கும்.
17:00 முதல் 20:00 வரை 20.
20:00 முதல் 22:00 வரை 20.

செப்டம்பர் 1 அன்று பீக் காலை 7–9, மாலை 6–9 என்று ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். பட்டையையும் கீசர் டைமரையும் அன்றே மாற்ற வேண்டும், ஜூன் 1 அன்று திரும்பவும். காலண்டரில் இந்த இரண்டு நாளையும் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். இன்வெர்ட்டரின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் அப்போது பார்த்துவிடலாம். சனி, ஞாயிறுக்கு டிக் எடுத்தால் சில மாடல்களில் பேட்டரி நாள் முழுக்க மெல்லக் கரைந்து போகும். முதல் சனிக்கிழமை ஒரு பார்வை பாருங்கள். கரைந்தால் எல்லா நாளும் ஒரே அமைப்பிலேயே விட்டுவிடுங்கள், நஷ்டம் நாளுக்கு ஒரு ராண்ட் அளவுதான்.

மாறுவதற்கு நல்ல நேரம் செப்டம்பர். ஒன்பது மாதம் மலிவு பருவத்தில் பழகிவிட்டுக் குளிர்காலத்துக்குள் நுழையலாம். மே கடைசியில் மாறி, டைமர் இல்லாமல் ஜூன் பில்லைப் பார்ப்பவர்கள்தான் ஹோம்ஃபிளெக்ஸைத் திட்டுகிறவர்கள். இதற்கு ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். பழைய கட்டணத்துக்குத் திரும்ப எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேனல் இல்லாவிட்டாலும் கிரிட்டோடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர் எஸ்காமில் பதிவாகியிருக்க வேண்டும். அதற்கு எலெக்ட்ரீசியன் தந்த சிஓசி (வயரிங் விதிப்படி இருக்கிறது என்ற) சான்றிதழும், இன்வெர்ட்டர் என்ஆர்எஸ் 097-2-1 தரத்துக்கு உட்பட்டது என்ற தாளும் தேவை. 2023-இல் போட்டவர் தராமல் போயிருந்தால் இப்போது கேளுங்கள், காப்பீட்டுக்காரரும் ஒரு நாள் இதைத்தான் கேட்பார்.

அந்த 50,000 ராண்ட் கையில் அரிக்கிறது என்றால் பேனலில் போடுங்கள். ஜோஹன்னஸ்பர்க் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் வருஷத்துக்குச் சுமார் 1,700 யூனிட் தரும். உங்கள் இன்வெர்ட்டரில் அதற்கான வாய் ஏற்கெனவே இருக்கிறது.

இனி அண்ணன். சிட்டி பவர் ப்ரீபெய்டில் நள்ளிரவு யூனிட்டும் மாலை ஏழு மணி யூனிட்டும் ஒரே விலை. மலிவாக வாங்கி வைக்க அங்கே மலிவு நேரமே இல்லை. மாறாக 350, 500 யூனிட் என்று படி படியாக விலை ஏறும் கட்டணம் அது. பேட்டரி தின்னும் 15 சதவீதமும் இன்வெர்ட்டரின் 43 யூனிட்டும் மேல் படியின் விலையில் சேரும். 2024 ஜூலையில் மாதம் 200 ராண்டாக (வரியோடு 230) வந்து, பிறகு குறைக்கப்பட்ட நிலைக் கட்டணமும் பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடிக்கப்படும். டோக்கன் வாங்கும்போது முதலில் ஒரு தொகை யூனிட்டாக வராமல் போவது அதனால்தான், மீட்டர் திருடவில்லை. மின்வெட்டுக்கு மட்டும் பேட்டரி வேண்டுமென்றால் 5.12 ஒன்று போதும், தினமும் ஓட்டாமல் நிரப்பி வைக்கும் அமைப்பில். கிரிட்டோடு சேர்த்து ஓட்டினால் ஒரு எச்சரிக்கை: பல ப்ரீபெய்ட் மீட்டர்கள் வெளியே போகும் கரண்ட்டை மோசடி என்று எடுத்துக்கொண்டு பூட்டிக்கொள்ளும், அல்லது அதையும் செலவாகவே எண்ணும். கிரிட்டிலிருந்து எப்போதும் 50 வாட் உள்ளே வருகிற மாதிரி இன்வெர்ட்டரை அமைக்கச் சொல்லுங்கள்.